கோமளா ராட்டினம் ஏறினாள்

கிளட்சை முழுசாக மிதிக்காமலே கியர் போடுகிறார் இந்த டிரைவர், ஒவ்வொரு தடவையும் அடியிலிருந்து கரகரவென்று சத்தம் வருகிறது, எனக்கு உடம்பு கூசுகிறது, ஆனால் நான் ஒன்றும் சொல்ல முடியாது, நான் இங்கே பாசஞ்சர், டிரைவருக்குப் பின்னால் மூன்றாவது சீட்டில் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிற ஒரு ஆள், பக்கத்தில் என் மனைவி கோமளா, அவள் மடியில் துணிப்பை, பைக்குள் புளிசாதமும் மோரும் ஒரு துண்டும் என் மாத்திரைகளும். தாம்பரத்தில் ஏறியபோது தூறல், வண்டலூர் தாண்டியதும் வெயில், இப்போது மறுபடியும் மேகம். முன்னால் போகிற மினி லாரி பிரேக் போடுவதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிடுகிறது, அவன் பிரேக் போடப் போகிறான் என்று, என் வலது கால் தானாகக் கீழே அழுந்துகிறது, அங்கே பிரேக் இல்லை, தகரம்தான் இருக்கிறது, யாரோ போட்ட கடலைத் தோல் இருக்கிறது. கோமளா என் முழங்கால் மேல் கையை வைத்தாள். "அவரு ஓட்டிக்குவாருங்க," என்றாள், குழந்தையிடம் சொல்கிற மாதிரி, சிரிப்பை அடக்கிக்கொண்டு. கோபம் வர வேண்டும், வரவில்லை. அவள் கை சூடாக இருந்தது. இந்த ரோடு எனக்குத் தெரியும், எத்தனை தடவை வந்திருப்பேன், லீவு நாட்களில், மே மாசத்தில், குடும்பம் குடும்பமாக ஏற்றிக்கொண்டு, எங்கே குழி, எங்கே மாடு குறுக்கே வரும், எந்தத் திருப்பத்தில் பின் சீட்டுப் பிள்ளைகள் "தெரியுது, தெரியுது, ராட்டினம் தெரியுது" என்று கத்தும், எல்லாம் தெரியும். ஆனால் இவ்வளவு உயரத்திலிருந்து இந்த ரோட்டைப் பார்த்ததில்லை. பஸ் ஜன்னலிலிருந்து பார்த்தால் கார்களெல்லாம் கூரைதான், உள்ளே யார் ஓட்டுகிறார்கள் என்றே தெரிவதில்லை, ஒரு ஸ்டியரிங் தெரிகிறது, அதைப் பிடித்த இரண்டு கை மட்டும் தெரிகிறது, அவ்வளவுதான்.

கோமளாவுக்கு இந்த உயரம் பழக்கம். வில்லிவாக்கத்தில் எங்கள் தெருவில் அவளை இன்னும் கார்க்காரர் வீட்டம்மா என்றுதான் சொல்கிறார்கள், ஆனால் அந்தக் காரில் அவள் உட்கார்ந்தது எத்தனை தடவை, கல்யாணம் ஆன புதிதில் திருத்தணிக்கு ஒரு முறை, மகள் சுடரொளியைப் பிரசவத்துக்குக் கூட்டிப்போன அன்றைக்கு, அப்புறம் அவள் தம்பி கல்யாணத்துக்கு, அன்றைக்கும் பாதி வழியில் சவாரி வந்துவிட்டதென்று மண்டப வாசலில் இறக்கிவிட்டு ஓடினேன். வண்டி சவாரிக்கு, அவள் பஸ்ஸுக்கு, அப்படித்தான் போனது வாழ்க்கை. ரேஷன் கடை, ஆஸ்பத்திரி, அம்பத்தூரில் அவள் வேலை பார்க்கிற துணி கம்பெனி, எல்லாம் பஸ்ஸிலும் ரயிலிலும். இன்று காலையில்தான் பார்த்தேன், அவள் இதில் எப்படிப்பட்ட ஆள் என்று. வில்லிவாக்கம் பிளாட்பாரத்தில் என்னை இழுத்துக்கொண்டு முன்னால் போய் ஒரு தூண் பக்கத்தில் நின்றாள், "இங்க நின்னாதாங்க சென்ட்ரல்ல எறங்கினதும் படி கிட்ட இருக்கும்," என்றாள். ரயில் வந்தது, கதவு சரியாக எங்கள் எதிரில் நின்றது. சென்ட்ரலில் கூட்டத்தோடு கூட்டமாக ரோட்டைக் கடந்து பார்க் ஸ்டேஷனுக்கு அவள் நடந்த நடையைப் பார்க்க வேண்டும், பின்னால் நான், பை ஒரு தோளில், அவள் முந்தானையைத் தவற விட்டால் தொலைந்தேன் என்கிற மாதிரி. முப்பது வருஷம் இந்த ஊர் பூராவும் வண்டி ஓட்டினவன், சென்ட்ரலுக்கு எதிரில் எந்தப் பக்கம் திரும்புவதென்று தெரியாமல் பொண்டாட்டி பின்னால் போனேன். தாம்பரத்தில் நான் பெரிய போர்டு போட்ட பஸ்ஸை நோக்கிப் போனேன், "அது சுத்திக்கினு போவும், இது வாங்க," என்று வேறு பஸ்ஸைக் காட்டினாள், ஏறினாள், கண்டக்டரிடம் "எனக்கு ஃப்ரீ, அவருக்கு மட்டும் டிக்கெட்," என்றாள், அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு பெருமை இருந்தது, எனக்கே ஒரு மாதிரி இருந்தது, நல்ல மாதிரிதான். கம்பெனியில் ஆயுத பூஜைக்குக் குலுக்கல் வைத்தார்களாம், அவள் பேருக்கு இரண்டு பாஸ் விழுந்தது, தீம் பார்க் பாஸ். வீட்டுக்கு வந்து என் முன்னால் வைத்துவிட்டு நின்றாள். "போலாமா" என்று கேட்கவில்லை. "நீங்க எவ்ளோ பேர அங்க கூட்டிம்போயிருக்கீங்க," என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

கேளம்பாக்கம் சிக்னல். சிவப்பு. பஸ் நின்றது. சிவப்பைப் பார்த்தால் மனசு அங்கே போய் நின்றுவிடுகிறது, நான் போகச் சொல்வதில்லை, அதுவே போகிறது. அன்றைக்கும் சிவப்பு. பின் சீட்டில் ஒரு பெரியவர், ஏர்போர்ட் சவாரி, மகனைப் பார்க்க எங்கேயோ வெளிநாடு போகிறவர், ஸ்வெட்டரை மடியில் மடித்து வைத்துக்கொண்டு பேசிக்கொண்டே வந்தார். சிவப்பு விழுந்தது, நிறுத்தினேன், நியூட்ரல் போட்டேன், ஹேண்ட் பிரேக் இழுத்தேன், எதற்கு இழுத்தேன், சாதாரணமாகச் சிக்னலில் இழுக்க மாட்டேன், அன்றைக்கு இழுத்தேன். வாயில் ஒரு ருசி வந்தது, இரும்பை நக்கின மாதிரி. அதற்கப்புறம் எனக்கு ஒன்றும் ஞாபகமில்லை. கண்ணைத் திறந்தால் நடைபாதையில் படுத்திருக்கிறேன், போலீஸ்காரர் ஒருவர் குனிந்து பேர் கேட்கிறார், பேர் வரவில்லை, என் பேர் எனக்கு வரவில்லை, அந்தப் பெரியவர் ஸ்வெட்டரை என் தலைக்கு வைத்திருந்தார். தணிகாசலம். தணிகாசலம். இப்போது சொல்லிப் பார்க்கிறேன், வருகிறது. வலிப்பு என்றார் டாக்டர், இந்த வயசிலும் புதிதாக வரலாம் என்றார், மாத்திரை சாப்பிட்டால் கட்டுக்குள் இருக்கும் என்றார், வண்டியை மட்டும் இனி தொடாதீங்க என்றார், உயரம் வேண்டாம், தனியாகத் தண்ணியில் இறங்க வேண்டாம் என்றார். யாருக்கும் ஒரு கீறல் இல்லை. சிவப்பு. அது பச்சையாக இருந்திருந்தால். பாலத்தின் மேல் போய்க்கொண்டிருந்திருந்தால். பின் சீட்டில் பிள்ளைகள் இருந்திருந்தால். இதோ இந்த ரோட்டில், மே மாசத்தில், ராட்டினம் தெரியுது தெரியுது என்று அவை கத்திக்கொண்டிருக்கையில். ஆனால் சிவப்புதான் எரிந்தது, நான் ஹேண்ட் பிரேக் இழுத்திருந்தேன், ஒன்றும் ஆகவில்லை, ஆகவில்லை என்பதையே மறுபடி மறுபடி எத்தனை தடவை நினைப்பது. காரை விற்றாயிற்று. ஸ்டாண்டில் கேட்டவர்களிடம் முட்டி வலி என்றேன். முட்டி வலிக்கு மரியாதை உண்டு, முட்டி வலிக்காரனைப் பார்த்து யாரும் நகர்ந்து உட்கார மாட்டார்கள். பச்சை விழுந்தது. பஸ் கிளம்பியது. கரகர. கோமளா என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். "இன்னா?" என்றேன். "ஒண்ணுமில்ல. மோரு குடிக்கிறீங்களா?" என்றாள்.

நிறுத்தத்தில் இறங்கி ஷேர் ஆட்டோவில் நெருக்கியடித்துப் போனோம். வழியில் அந்தத் திருப்பம் வந்தது, மரங்களுக்கு மேலே ராட்டினம் தெரிந்தது, எங்கள் ஆட்டோவில் கத்துவதற்குப் பிள்ளைகள் யாருமில்லை, கோமளாதான் என் கையை அழுத்தினாள், "அம்மாடி," என்றாள். கேட் பக்கத்தில் பார்க்கிங். ஓரத்தில் வேப்ப மரம், மரத்தடியில் வழக்கம்போல டிரைவர்கள், சீட்டை மல்லாத்திப் போட்டுத் தூங்குகிறவர்கள், செய்தித்தாள் விரித்துச் சீட்டு ஆடுகிறவர்கள். அந்த மரத்தடியில் நான் எத்தனை பகல் உட்கார்ந்திருப்பேன். மதிலுக்கு அந்தப் பக்கம் அலறல் கேட்கும், ஒரே நேரத்தில் நூறு பேர் அலறுகிற மாதிரி, அப்புறம் சிரிப்பு, அப்புறம் மறுபடி அலறல். எதற்கு அலறுகிறார்கள் என்று பார்த்ததேயில்லை. சாயங்காலம் திரும்பி வரும்போது எல்லோர் மேலும் ஒரே வாசனை, நீச்சல் குளத்து மருந்து வாசனையும் பாப்கார்ன் வாசனையும், சீட் நனையாமலிருக்கத் துண்டு விரித்து வைப்பேன், வண்டி ரோட்டுக்கு வருவதற்குள் பிள்ளைகள் தூங்கிவிடும், பெரியவர்கள் கொஞ்ச நேரம் பேசுவார்கள், அது எப்படிச் சுற்றியது, இது எப்படிக் கவிழ்த்தது என்று. நான் கண்ணாடியில் அந்த முகங்களைப் பார்த்துக்கொண்டே ஓட்டுவேன். நல்லா இருந்துச்சா சார் என்று கேட்பேன். நன்றாகத்தான் இருந்திருக்கும். "தணிகாண்ணே!" என்று ஒரு குரல், மோசஸ், வியாசர்பாடி ஸ்டாண்டுக்காரன், சீட்டுகளைக் கையில் விசிறி மாதிரி பிடித்தபடி எழுந்து வருகிறான், "இன்னாண்ணே, வண்டி எங்க? அண்ணியோட வந்துகிறீங்க?" "பஸ்ல வந்தோம். முட்டிதான், தெரியுமில்ல, கிளட்ச் மிதிக்க முடியல," என்றேன். "எண்ணெ தேய்ங்கண்ணே, எங்கப்பாவுக்கு நல்லா கேட்டுச்சு," என்றான் மோசஸ், நிஜமான அக்கறையோடு. கோமளா தலையைக் குனிந்து பையின் வாரைச் சரிசெய்தாள். அவள் சொல்லாதது எனக்குக் கேட்டது.

வெளிச் சாப்பாடு உள்ளே விட மாட்டார்களென்று கம்பெனியில் யாரோ சொல்லியிருந்தார்களாம், மதிலோரம் உட்கார்ந்து புளிசாதத்தைச் சாப்பிட்டோம். வறுத்த வேர்க்கடலை நிறையப் போட்டிருந்தாள், எனக்குப் பிடிக்குமென்று. மாத்திரையை எடுத்து உள்ளங்கையில் வைத்து நீட்டினாள். பிறகு உள்ளே போனோம். முதல் தடவை உள்ளே போனேன். கோபுரம் மாதிரி ஒன்றிலிருந்து ஒரு வரிசை ஆட்களைக் கட்டி இறக்குகிறார்கள், பொத்தென்று, அதுதான் அந்த அலறல். இத்தனை வருஷம் கழித்து அந்தச் சத்தத்துக்கு உருவம் கிடைத்தது, வாயைத் திறந்து பார்த்துக்கொண்டு நின்றேன். கோமளா எல்லாவற்றையும் தூர நின்றே ரசித்தாள், குழந்தைகள் ஓட்டுகிற சின்னக் கார்களைப் பார்த்து நின்றாள், ஒன்று மற்றொன்றை இடிக்கும்போதெல்லாம் கைதட்டினாள், செயற்கை மழையில் ஒரு கையை மட்டும் நீட்டி நனைத்துக்கொண்டாள். "எதுல ஏறணும் சொல்லு," என்றேன். கொஞ்ச நேரம் வெட்கப்பட்டாள், ஐம்பது தாண்டினவள், புடவையை இழுத்துப் போர்த்திக்கொண்டு. "ராட்டினத்துல," என்றாள். "அவ்ளோ பெரிசா?" "அவ்ளோ பெரிசுலதான்."

கியூவில் நின்றோம். வளைந்து வளைந்து கம்பிக்குள் போகிற கியூ, எங்களுக்கு முன்னால் கல்லூரிப் பெண்கள், பின்னால் ஒரு சேட் குடும்பம். நின்றுகொண்டே இருக்கும்போது எனக்கும் ஆசை வந்துவிட்டது, நிஜமாகச் சொல்கிறேன், ஆசைதான், எதிரும் புதிருமாக உட்கார்ந்து மேலே போகலாம், உச்சியில் ஒரு நிமிஷம் நிறுத்துவார்களாம், அவளுக்கு நான் இடங்களைக் காட்டலாம், அதோ அதுதான் நாம் வந்த ரோடு, அதோ திருப்போரூர், அதோ கடல். உயரம் வேண்டாம் என்று டாக்டர் சொன்னது ஏணியைத்தானே, மரத்தைத்தானே, கதவு போட்ட பெட்டியைச் சொல்லியிருப்பாரா. கம்பி திரும்புகிற இடத்தில் மஞ்சள் போர்டு. இதய நோயாளிகள், கர்ப்பிணிகள், வலிப்பு நோய் உள்ளவர்கள். பெரிய எழுத்தில், தமிழில், என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி. அதைத் தாண்டி யாரும் எதுவும் கேட்கவில்லை, வாசலில் நிற்கிற பையன் தலையைக் கூட நிமிர்த்தாமல் உள்ளே அனுப்புகிறான், முகத்தில் எழுதியா ஒட்டியிருக்கிறது, ஏறிவிடலாம். கோமளா போர்டைப் பார்த்தாள், என்னைப் பார்க்கவில்லை. இன்னும் நாலு பேர். அந்த இரும்பு ருசி வருகிறதா என்று நாக்கைத் துழாவினேன், புளிதான் இருந்தது. வராது. வந்தால். அங்கே மேலே, அந்தத் தகரப் பெட்டியில், கதவு பூட்டியிருக்க, நான் கீழே சரிய, என் தலையை மடியில் வைத்துக்கொண்டு அவள் தனியாக, எட்டிக் கத்தினால் யாருக்கும் கேட்காது, எல்லோரும் கத்துகிற இடத்தில் ஒருத்தி கத்துவது எப்படிக் கேட்கும், சந்தோஷத்தில் கத்துகிறாள் என்றுதான் நினைப்பார்கள். என் உடம்பு நின்றுவிட்டது. பின்னால் இருந்தவர் என் முதுகில் இடித்துக்கொண்டார். "நான் வரல கோமளா, நீ போ," என்றேன். "அப்ப நானும் வேணாம், வாங்க, ஐஸ் சாப்டலாம்," என்று உடனே கம்பியைத் தூக்கப் போனாள், தயாராக இருந்தவள் மாதிரி, முதலிலிருந்தே இதற்குத் தயாராகத்தான் வந்திருக்கிற மாதிரி. அது எனக்குப் பொறுக்கவில்லை. "கோமு, நீ போயே ஆவணும்," என்றேன், குரல் உயர்ந்துவிட்டது, கல்லூரிப் பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். "உங்கள வுட்டுட்டா?" "நான் அந்த பெஞ்சில குந்தினு இருப்பேன். எங்கயும் போவ மாட்டேன்." "தனியாவா?" என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. "இவ்ளோ பேர் இருக்காங்களேடி," என்றேன். முன்னால் இருந்த பெண்களில் ஒருத்தி, "ஆன்ட்டி, எங்க கூட வாங்க, ஒரு சீட் காலி," என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். கோமளா பையை என்னிடம் கொடுத்தாள், செருப்பையும் கழற்றிக் கொடுத்தாள், செருப்பை எதற்குக் கொடுத்தாள் என்று தெரியவில்லை, அவளுக்கும் தெரியவில்லை. வெறுங்காலோடு ஏறிப் போனாள்.

பெஞ்சில் உட்கார்ந்தேன். மடியில் பை, பை மேல் செருப்பு. ஐந்து மாசத்தில் நான் தனியாக இருப்பது இதுதான் முதல் தடவை, கோமளா கம்பெனிக்குப் போனால் மகள் வந்து கூட இருப்பாள், கோமளா இருந்தால் குளிக்கும்போது கூடக் கதவுக்கு வெளியே அவள் வளையல் சத்தம் இருக்கும். ராட்டினம் கொஞ்சம் நகர்ந்து நின்றது, கொஞ்சம் நகர்ந்து நின்றது, ஆட்களை ஏற்றுகிறார்கள். கூட்டம் என் முன்னால் போய்க்கொண்டே இருந்தது, ஈரக் கால்கள், பலூன், ஐஸ், எங்கோ ஸ்பீக்கரில் பாட்டு, தலைக்குள் ஏதோ லேசாகச் சுற்றியது, இது அதுவா, இல்லை வெயிலா, வியர்க்கிறது, பயந்தால் வியர்க்கும், வியர்த்தால் பயம் வரும், இரண்டில் எது முதலில் வந்தது. இப்போது விழுந்தால் இந்தக் கூட்டம் என்ன செய்யும், குடித்திருக்கிறான் என்று சுற்றிக்கொண்டு போகும், இல்லாவிட்டால் கையில் சாவியைத் திணிக்க ஓடி வரும், மேலேயிருந்து கோமளா பார்ப்பாள், இறங்க முடியாமல் பார்ப்பாள். பெஞ்சின் மறு முனையில் ஒரு பெண் இருந்தாள், முப்பத்தைந்து வயசிருக்கும், தூங்குகிற கைக்குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டு. நான் அவள் பக்கம் திரும்பினேன். "அம்மா," என்றேன். பார்த்தாள். ஸ்டாண்டில் சொல்லவில்லை, சம்பந்தியிடம் சொல்லவில்லை, மோசஸிடம் சொல்லவில்லை. "எனக்கு வலிப்பு இருக்குதும்மா," என்றேன். வாயிலிருந்து வெளியே வந்துவிட்டது, சாதாரண வார்த்தைதான், மற்ற வார்த்தைகள் மாதிரியே இருந்தது. "இப்ப ஒண்ணுமில்ல. மாத்திர போட்டுகிறேன். வூட்டுக்காரம்மா ராட்டினத்துல போயிருக்கு. அது வர்றதுக்குள்ள எதுனா ஆச்சின்னா, ஒரு பக்கமா திருப்பிப் படுக்க வெச்சா போதும். கையில ஒண்ணும் குடுக்கத் தேவையில்ல. தானா சரியாயிடும்." அவள் நகர்ந்து போவாள் என்று நினைத்தேன். நகர்ந்தாள்தான், என் பக்கமாக. "சரிங்கண்ணா," என்றாள். குழந்தையை அடுத்த தோளுக்கு மாற்றினாள். "தண்ணி வேணுமா? ரொம்ப வேர்க்குது உங்களுக்கு. எங்க வீட்டுக்காரர் இப்ப வந்துருவாரு, அவர்கிட்டயும் சொல்லி வைக்கிறேன்." தண்ணீர் குடித்தேன். அவளுடைய ஊர் செய்யாறு, பேர் வாசுகி, தெரிந்தவர் வேனில் வந்தார்களாம், திரும்பிப் போக எந்த பஸ் என்று தெரியவில்லையாம். "எங்கூட்டம்மா வரட்டும், அது சொல்லும், அதுக்கு எல்லா பஸ்ஸும் தெரியும்," என்றேன், அதைச் சொல்லும்போது எனக்குச் சிரிப்பு வந்தது, ஏனென்று தெரியாத சிரிப்பு, உடம்பெல்லாம் லேசாகிவிட்ட மாதிரி. தலை சுற்றல் எப்போது நின்றதென்று கவனிக்கவில்லை. ராட்டினம் இப்போது நிற்காமல் சுற்றியது, நல்ல வேகம், சீரான வேகம், ஓட்டுகிறவன் வேலை தெரிந்தவன்தான்.

இறங்கி வந்தாள். கொண்டை அவிழ்ந்து தோளில் கிடந்தது, அந்தப் பெண்கள் ஆளுக்கொரு பக்கம் பிடித்திருந்தார்கள், என்னைப் பார்த்ததும் அவர்களை உதறிவிட்டு வெறுங்காலோடு ஓடி வந்தாள், கன்னத்தைத் தொட்டாள், நெற்றியைத் தொட்டாள். "நல்லாத்தான் இருக்கேன். இது வாசுகி, செய்யாறு. எல்லாம் சொல்லிட்டேன் அதுகிட்ட," என்றேன். "இன்னாத்த சொன்னீங்க?" "வலிப்புன்னு சொன்னேன்." கோமளா அப்படியே நின்றாள். வாசுகியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு தரையில் உட்கார்ந்து செருப்பை மாட்டிக்கொள்ளுகிற மாதிரி ரொம்ப நேரம் குனிந்தே இருந்தாள். நான் அவள் தலை மேல் கை வைத்தேன். "அது கெடக்கட்டும். மேல எப்டி இருந்துச்சி, கடல் தெரிஞ்சுதா?" என்று கேட்டேன். மூக்கை உறிஞ்சிக்கொண்டு நிமிர்ந்தாள். "யாருக்குத் தெரியும். ஏறினதுலேர்ந்து கண்ண இறுக்கி மூடிக்கினேன். உங்களையே நெனச்சிக்கினு இருந்தேன்." வாசுகி சிரித்துவிட்டாள். நானும் சிரித்தேன். "அதுக்காடி இவ்ளோ தூரம் வந்தோம்? இன்னொரு வாட்டி போ. இந்த வாட்டி கண்ணத் தொறந்து பாரு. பார்த்துட்டு வந்து எனக்கு ஒண்ணு வுடாம சொல்லணும்." "நெசமாத்தான் சொல்றீங்களா?" "போ, கியூ நீளமாவுது." போனாள். போர்டைத் தாண்டி, கம்பி வளைவுகளைத் தாண்டி, இந்த முறை யார் கையையும் பிடிக்காமல் போனாள். வாசுகியின் வீட்டுக்காரர் ஐஸோடு வந்தார், வாசுகி அவரிடம் ஏதோ சொன்னாள், அவர் எனக்கு வணக்கம் வைத்துவிட்டு மறுபக்கம் உட்கார்ந்தார். ராட்டினம் கிளம்பியது. எந்தப் பெட்டியில் அவள் ஏறினாளென்று நான் கவனிக்கத் தவறிவிட்டேன், கீழேயிருந்து பார்த்தால் எல்லாப் பெட்டியும் ஒரே மாதிரி, எல்லாவற்றிலிருந்தும் கைகள் நீண்டு ஆடுகின்றன. நான் எழுந்து நின்று, ஒவ்வொரு பெட்டியும் உச்சிக்குப் போகப் போக, எல்லாவற்றுக்கும் கையாட்டினேன்.